தெற்கு வரிசைக் குழாய்

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதிலும் அவனுக்குத்தான் புகழ் போய்ச் சேரும். சேர்ந்த வரைக்கும் போதும். 'அவன்' என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறது. பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. 'மேர் வராரு' என்று ஊரே ஒதுங்கி வழிவிட்ட ஆளை, கடைசிவரைக்கும் 'இன்னாப்பா' என்று கூப்பிட்டவன் நான் ஒருவன்தான்.

மேர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஒவ்வொரு கொம்யூனுக்கும், அதாவது பல கிராமங்கள் சேர்ந்த வட்டாரத்துக்கும், தலைவராக இருந்தவரை அப்படிச் சொல்வார்கள். அவர்கள் கப்பலேறி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கொம்யூன் பஞ்சாயத்துச் சேர்மன் இன்றைக்கும் மேர்தான். எந்தக் கொம்யூன் என்று கேட்காதீர்கள். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் நெல்லும் கரும்புமாகக் கிடக்கிற ஏதோ ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் ஒரு வார்த்தை உண்டு. "தப்பு என்னுது." எங்கே போனாலும், யார் முறைத்தாலும், முதலில் அதுதான் வரும். திருவிழாவில் மைக் செட்டு கொரகொரவென்று இழுத்தால், "மன்னிச்சிக்குங்க, மைக்க முன்னாடியே பாத்து வெக்காதது என் தப்பு" என்பான். மைக் செட்டுக்காரன் கூச்சப்பட்டுக்கொண்டு ஓடிவந்து சரிசெய்வான். மழை பெய்யவில்லை என்று கரும்பு விவசாயிகள் கத்தினால், "ஏரியத் தூர் வாராம வுட்டது என் தப்பு, பேஞ்ச மழையவாவது புடிச்சி வெச்சிருக்கணும்" என்பான். கத்திக்கொண்டு வந்தவர்கள் அவனுக்கே டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இது ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்த வியாதி. அப்போது கிளாஸ் லீடர் நான். ஒருநாள் காற்றில் சாருடைய மேஜைமேல் இருந்த மைக்கூடு சாய்ந்து, திருத்தி வைத்திருந்த பரீட்சைத் தாள்கள் எல்லாம் நீலமாகிவிட்டன. யார் செய்தது என்று சார் பிரம்பை எடுத்தார். யாருமே செய்யவில்லை, காற்று செய்தது. அதை எடுத்துச் சொல்ல வேண்டியது லீடர். நான் எழுந்திருப்பதற்குள் இவன் எழுந்தான். "சார், ஜன்னலச் சாத்தாம வுட்டது நான்தான். தப்பு என்னுது." சார் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளைத் தட்டினார். மறுநாளிலிருந்து அவன் லீடர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தது நான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இந்த வார்த்தையை நானும் ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு நான் பஞ்சாயத்து மெம்பராக இருந்தபோது என் வார்டில் ஒரு மதகுப் பாலம் உடைந்து மாட்டுவண்டி கவிழ்ந்துவிட்டது. ஜனங்கள் கூடியிருந்தார்கள். நான் நெஞ்சில் கைவைத்து, "தப்பு என்னுதுதான்" என்றேன். உடனே முன்வரிசையில் இருந்த ஒருவர், "நீங்களே ஒத்துக்கினீங்க, அப்ப மாட்டுக்கு வைத்தியம் நீங்கதான் பாக்கணும்" என்றார். இன்னொருவர் அங்கேயே மனு எழுத ஆரம்பித்தார். அவன் சொன்னால் மாலை, நான் சொன்னால் மனு. இதை வீட்டில் வந்து புலம்பினேன். என் வீட்டுக்காரி அரிசி களைந்துகொண்டே, "அவரு சொல்லும்போது ஆளப் பாத்து சொல்றாரு. நீங்க கூட்டத்தப் பாத்து சொல்றீங்க" என்றாள். அன்றைக்கு அவளோடு பேசாமல் சாப்பிட்டேன்.

வயிற்றெரிச்சல் என்றால் வயிற்றெரிச்சல்தான். மறைக்க என்ன இருக்கிறது?

அவனுடைய உத்தியோக வரலாறு ஊருக்கே தெரியும். இரண்டு முறை எம்.எல்.ஏ., அதுவும் எங்கள் பக்கம் இல்லை, டவுனை ஒட்டிய தொகுதியில். நடுவில் கொஞ்சநாள் மந்திரி. கட்சித் தலைவர் பதவிக்கு இரண்டு முறை நின்றான், இரண்டு முறையும் மண்ணைக் கவ்வினான். அந்த இரண்டு செய்தியையும் நான் பேப்பரில் இரண்டு தடவை படித்தேன், பொய் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகுதான் அவனுக்கு அந்த விபரீத யோசனை வந்தது. சட்டசபையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து கொம்யூன் பஞ்சாயத்துக்கு நிற்கப்போகிறேன் என்றான். டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பென்ஸ் காரில் போனவன் மாட்டுவண்டிக்கு வருகிறான் என்றார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். அந்த மாட்டுவண்டி என்னுடையது என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

அதைச் சொன்னால்தான் உங்களுக்கு என் எரிச்சல் விளங்கும். எங்கள் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் என்பது மற்ற ஊர்களில் நடப்பதுபோல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவதில்லை. நான் அரைக்கால் சட்டை போடுவதற்கு முன்னால் நடந்தது, பிறகு தலை நரைக்க ஆரம்பித்த பிறகு ஒருமுறை நடந்தது. அதற்கப்புறம் இன்றுவரை இல்லை. என் ஆயுசில் அந்தச் சேர்மன் நாற்காலியில் நான் உட்காரக்கூடிய சந்தர்ப்பம் அந்த ஒன்றுதான். அதற்காகப் பதினைந்து வருஷம் உழைத்திருந்தேன். எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியாது, எந்த வாய்க்கால் யார் நிலத்தில் திரும்புகிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. மெம்பராக ஜெயித்துவிட்டால் போதும், மெம்பர்கள் கூடிச் சேர்மனைத் தேர்ந்தெடுக்கும்போது என்னை விட்டால் ஆளில்லை என்றிருந்தேன். ஜெயித்தேன். பக்கத்து வார்டில் அவனும் ஜெயித்தான்.

ஓட்டெடுப்புக்கு முதல்நாள் காலையில் அவனே என் வீட்டுக்கு வந்தான். கூட ஆள் இல்லை, கார் இல்லை. நடந்து வந்தான்.

"இன்னாப்பா, இங்க?" என்றேன்.

"உங்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு. அந்த நாக்காலி உன்னுது. அதுல நான் வந்து குந்தப்போறேன். தப்பு என்னுதுதான்."

"தப்புன்னு தெரியுதில்ல? அப்ப வுட்டுடு."

"வுட மாட்டம்பா." சொல்லிவிட்டு என் வீட்டுக்காரி கொடுத்த மோரை முழுசாகக் குடித்தான். "அங்க சட்டசபையில நான் கைதூக்கினா அது எங்க போயி வுழுதுன்னே தெரியல. இங்க ஒரு லைட்டு போட்டா அன்னிக்கே தெருவுல வெளிச்சம் தெரியும். எனக்கும் வயசாவுது."

மன்னிப்பும் கேட்டு, பிடுங்கவும் பிடுங்கிக்கொண்டு, மோரும் குடித்துவிட்டுப் போனான். மறுநாள் ஒரே ஓட்டில் தோற்றேன். என்னைத் துணைச் சேர்மன் ஆக்கினான். எல்லோரும் கைதட்டினார்கள், என் கையும் தட்டியது.

அந்த ஐந்து வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது. வேலை செய்யவில்லை என்றால் சந்தோஷமாகத் திட்டியிருப்பேன். செய்தான். ஒரு மழைக்காலத்தில் எங்கள் பக்கம் முழுக்கத் தண்ணீர். அவன் முழங்கால் தண்ணீரில் நின்று கேபிள் டிவிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பாதிப் பேச்சில் இருக்கும்போது யாரோ போனை நீட்டினார்கள். நிவாரண அரிசி டவுனுக்கு மட்டும்தான், கிராமங்களுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று மேலே முடிவாகிவிட்டதாம். பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் படித்தான். முகம் மாறியது. பிறகு காமிராவைப் பார்த்து, "தப்பு என்னுது. நான் அங்க மந்திரியா இருந்தப்ப எங்க ஜனங்க வந்தா தொறக்கற மாதிரி ஒரு கதவையாவது வெச்சிட்டு வந்திருக்கணும், வெக்கல. இப்ப போயி அந்தக் கதவத் தட்டப்போறேன்" என்றான். அதே ஈர வேட்டியோடு டவுனுக்குப் போய் மந்திரி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் அரிசி வந்தது. அவன் தண்ணீரில் நின்று பேசிய படத்தைப் பெரிசாக்கி எத்தனையோ வீட்டில் மாட்டினார்கள். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். குடையைப் பிடித்திருக்கிற கை என்னுடையது.

அந்தக் கைதான் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தது.

என் வார்டில் எல்லையை ஒட்டி ஒரு தெரு. எங்கள் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை, தமிழ்நாடு ஊடே ஊடே நுழைந்து கிடக்கும். அந்தத் தெருவில் வடக்கு வரிசை வீடுகள் புதுச்சேரி, தெற்கு வரிசை வீடுகள் தமிழ்நாடு. கரண்டு போனால் தெருவில் ஒரு பக்கம் மட்டும் போகும். வடக்கு வரிசையில் ஓட்டுக் கேட்கும்போது தெற்கு வரிசைக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எதிர்வீட்டுக்கு எதிர்வீடு நடக்கும், நாத்தனார் சண்டைகூட மாநிலம் விட்டு மாநிலம்தான்.

அங்கே புதிதாகத் தண்ணீர் டேங்க் கட்டி வீட்டு வாசலுக்கெல்லாம் குழாய் போடுகிற வேலை வந்தது. ஓவர்சியர் டவுனிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்கள் கவுன்சிலில் ஒரு பழக்கம், அந்தந்த வார்டு மெம்பர் வாயால் சொல்வதுதான் வரைபடம். கூட்டத்தில் அவன் என்னைக் கேட்டான்.

"தெக்கு வரிசையும் நம்பளுதுதானப்பா?"

அவன் டவுன் பக்கத்துத் தொகுதியிலேயே காலத்தைக் கழித்தவன். அந்தத் தெருவுக்கு அதிகம் வந்ததில்லை. நான் ஒரு மூச்சு இழுத்தேன்.

"நம்பளுதுதான். போட்டுடலாம்."

குழாய் போட்டார்கள். தெற்கு வரிசைக்காரர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. வாசல் தேடி வரும் தண்ணீரை யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்த வரிசையில் இட்லிக்கடை வைத்திருந்த அம்மாள் மட்டும் குழாய் போடுகிறவர்களுக்கு நான்கு நாளும் இலவசமாக இட்லி கொடுத்தாள். வேலை முடிந்த வாரம் நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். சேர்மன் நம் சர்க்கார் குழாயை அடுத்த மாநிலத்தில் போட்டுவிட்டார், விசாரிக்க வேண்டும் என்று, எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். கவுன்சில் ஹாலில் எல்லோரும் இருந்தோம். அதிகாரி கேட்டார், "அந்த வரிசை புதுச்சேரின்னு யார் சொன்னது?"

நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவன் என் பெயரைச் சொன்னால், ஓவர்சியர்தான் என்னைக் குழப்பிவிட்டார் என்று சொல்வதாக இருந்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று இப்போது சொல்ல முடியவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் என் எதிரே இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். பிறகு அவன் எழுந்து நின்றான்.

"நான்தான் சார் சரியாப் பாக்கல. தப்பு என்னுது."

எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என் நாற்காலியை எடுத்துக்கொண்டான், என் ஊரை எடுத்துக்கொண்டான், கடைசியில் நான் செய்த தப்பைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லையே என்று வந்தது.

இதில் வேடிக்கை பிறகுதான் தெரிந்தது. அந்த மாதமே கட்சி அவனை மறுபடி சட்டசபைக்கு நிறுத்துவதாக இருந்ததாம். ஜெயித்தால் தலைவர் பதவியும் அவனுக்குத்தான் என்று பேசி முடித்திருந்தார்களாம். விசாரணையில் அவனே ஒப்புக்கொண்டதும், கறைபட்ட ஆள் என்று கழற்றி விட்டார்கள். அவன் மேலே போயிருந்தால் துணைச் சேர்மனான நான் தானாகவே சேர்மன் ஆகியிருப்பேன். ஒரு பகல் உட்கார்ந்து எழுதி, அவனை அந்த நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைத்தது நான்.

தெற்குக் குழாய்களைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆள் அனுப்பிப் பிடுங்கியிருக்கலாம். இவன் போனான். வாசல் வாசலாக நின்று, "தப்பு என்னுதும்மா" என்று சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொன்றையும் பிடுங்க வைத்தான். இட்லிக்கடை அம்மாள் அழுதாள். பிடுங்கிய குழாய்களை வடக்கு வரிசைக்குக் கொண்டுபோய், வரிசையாக, எல்லாவற்றையும் தெற்கே பார்த்து நட்டான். "கொழா நம்ப ஊரு. எதுக்க இருக்கற கொடம் எந்த ஊருன்னு சட்டத்துல எழுதல" என்றான். நாலு எட்டு நடந்து வந்து குடம் வைத்தார்கள். அவனுக்கு ஒரு ஓட்டுக்கூடப் போட முடியாத ஜனங்கள், அன்றிலிருந்து அவர்களும் மேர் என்றார்கள். என்னை அவர்கள் 'மெம்பரு' என்றார்கள்.

ஐந்து வருஷம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. நாற்காலியில் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். அவனும் நானும் வெறும் ஆட்களாகிவிட்டோம். போன வருஷம் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, "கரும்பு வெட்டிட்டியாப்பா?" என்று கேட்டான். வெட்டிவிட்டேன் என்றேன். ஆலைக்குப் போய்ச்சா என்றான். போய்விட்டது என்றேன். அவ்வளவுதான் பேசினோம். எட்டு நாளில் போய்விட்டான்.

பதினாறாம் நாள் கல்யாண மண்டபத்தில் படத்திறப்பு. அவன் மந்திரியாக இருந்தபோது எடுத்த படம் வேண்டாம் என்று, அந்த மழைத்தண்ணீர்ப் படத்தைத்தான் பெரிசாக்கி வைத்திருந்தார்கள். குடை பிடித்த என் கை சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டிவிட்டார்கள். எல்லோரும் பேசினார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் இட்லிக்கடை அம்மாள் உட்கார்ந்திருந்தாள், தெற்கு வரிசையே வந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரியும் இருந்தாள். மைக்கைப் பிடித்தேன்.

"தெக்கு வரிசைக் கொழா விசயம் எல்லாருக்கும் தெரியும். அது அவன் தப்பு இல்ல. தப்பு என்னுது. தமிழ்நாடுன்னு தெரிஞ்சே நான்தான் நம்பளுதுன்னு சொன்னேன். மொட்டப் பெட்டிசன் போட்டதும் நான்தான்."

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு மூச்சு லேசாக வந்தது. என்ன வேண்டுமானாலும் திட்டட்டும் என்று நின்றேன். இட்லிக்கடை அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. "பாருடி, மேரு மாதிரியே பேசறாரு. செத்தவரு மேல பழி இருக்கக் கூடாதுன்னு தன்மேல போட்டுக்கறாரு பாரு."

கைதட்டினார்கள். "இல்லம்மா, நெஜமா நான்தான்" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒருவர் மேடைக்கு வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். படத்திலிருந்து அவன் முழங்கால் தண்ணீரில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

சால்வையை மடித்து ஸ்கூட்டர் டிக்கியில் திணித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம். அபிஷேகப்பாக்கம் வயல்களைத் தாண்டும்போது பின்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி பக்கம் திரும்பினேன்.

"நெஜமாவே நான்தான் பண்ணேன்" என்றேன். "நீயாவது நம்பு."

"எனக்குத் தெரியாதா? நீங்க எழுதிக்கினு இருக்கும்போது மூணு தபா காபி கொண்டாந்து வெச்சது யாரு? எனக்கு இன்னா, படிக்கத் தெரியாதா?"

வண்டியை ஓரம் கட்டினேன்.

"விசாரணைக்கு முன்னநாளே அவரு வூட்டுக்குப் போயி நான் சொல்லிட்டேன். இந்த மாதிரி, எங்க வூட்டுக்காரரு பண்ண வேல, நீங்க ஏமாந்துடாதீங்கன்னு."

"அவன் இன்னா சொன்னான்?"

"நாக்காலிய புடுங்கினது நான்தானம்மா, தப்பு என்னுதுன்னாரு. அப்புறம், நாளைக்குக் கேக்கும்போது உடனே பேச மாட்டேன், அவன ஒருதபா பாப்பேன், அவனே எழுந்துப்பான்னாரு. சின்ன வயசுல இருந்து பாக்கறேம்மா, எழுந்துப்பான்னாரு."

அவள் சால்வை துருத்திக்கொண்டிருந்த டிக்கியை இறுக்கிச் சாத்தினாள். நான் மறுபடி அந்தக் கவுன்சில் ஹாலில் இருந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் தப்பைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை என்று இத்தனை வருஷம் அவனைத் திட்டியிருக்கிறேன். விட்டுவைத்துவிட்டுத்தான் நின்றிருக்கிறான். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.